ஹார்மோன் மேல போடுற பழியும் ஒதுங்க இடமில்லாத காடும்

பெண்களின் உடம்பில் தண்ணீர் சம்பந்தமாக எது நடந்தாலும் நம்மிடம் தயாராக ஒரு பதில் இருக்கிறது: "அது ஹார்மோன் பண்ற வேலை." மாதவிலக்குக்கு முன்னால் உடம்பு ஊதின மாதிரி இருந்தால் ஹார்மோன். கர்ப்பத்தில் கால் வீங்கினால் ஹார்மோன். வெயிலில் வேலை செய்து தலை சுற்றினாலும், "பொம்பள உடம்பு, அப்படித்தான்" என்று அதையும் ஹார்மோன் கணக்கிலேயே எழுதிவிடுகிறோம்.

நான் மருத்துவன் இல்லை. பி.இ. படித்துவிட்டு மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். ராத்திரி நேரத்தில் ஆய்வுக் கட்டுரைகளைப் படித்துக் குறிப்பெடுப்பது பழக்கம். பெண் பாலின ஹார்மோன்கள் உடம்பின் நீர்ச் சமநிலையை எப்படி மாற்றுகின்றன என்று கொஞ்ச காலமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். படிக்கப் படிக்க ஒன்று தெளிவாகிறது. ஹார்மோன் நிஜமாகவே ஒரு வேலை செய்கிறது. அந்த வேலை என்ன, எவ்வளவு என்று அளந்தும் வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த அளவைப் பார்த்த பிறகு, நாம் ஹார்மோன் மேல் போடுகிற பழியில் பெரும்பகுதி வேறு இடத்துக்குப் போக வேண்டியது என்று புரிகிறது. இந்தக் குறிப்பு அந்தப் பழிக்கணக்கைப் பற்றிய விமர்சனம்.

மிதவை எங்கே இருக்கிறது

முதலில் இயக்கம். வீட்டு மேல்தொட்டியில் மிதவை வால்வு பார்த்திருப்பீர்கள். தண்ணீர் ஒரு மட்டத்துக்குக் கீழே போனால் திறக்கும், மட்டம் வந்ததும் மூடும். நம் மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் இப்படி ஒரு மிதவை இருக்கிறது. அது பார்ப்பது தண்ணீர் மட்டத்தை இல்லை, ரத்தத்தின் அடர்த்தியை. அதாவது, ஒரு கிலோ தண்ணீரில் சோடியம் முதலான கரைபொருள்கள் எவ்வளவு இருக்கின்றன என்பதை. இதற்கு ஆஸ்மோலாலிட்டி என்று பெயர். சாதாரணமாக 285 மில்லி ஆஸ்மோல் பக்கம் இருக்கும். ஒன்று, இரண்டு சதவீதம் ஏறினாலே போதும், வாசோபிரஸ்ஸின் என்ற ஹார்மோன் சுரக்கும். அது சிறுநீரகத்திடம் "தண்ணிய விடாதே, பிடிச்சு வை" என்று சொல்லும். இன்னும் கொஞ்சம் ஏறினால் தாகம் எடுக்கும்.

ஈஸ்ட்ரோஜன் இந்த மிதவையைக் கொஞ்சம் நகர்த்துகிறது. மாதச் சுழற்சியின் பின்பாதியில், அதாவது கருமுட்டை வெளிவந்த பிறகு மாதவிலக்கு வரும்வரை, வாசோபிரஸ்ஸினும் தாகமும் தொடங்கும் எல்லை ஏறக்குறைய 5 மில்லி ஆஸ்மோல் கீழே இறங்குகிறது. 1980களிலேயே இதை அளந்து எழுதிவிட்டார்கள். பிறகு அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஜான் பி. பியர்ஸ் ஆய்வகத்தில் நீனா ஸ்டாக்கென்ஃபெல்ட் என்ற ஆய்வாளர் இதையே பல வருஷம் தொடர்ந்து பார்த்தார். மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கொடுத்துப் பார்த்தார், கருத்தடை மாத்திரை எடுக்கும் இளம்பெண்களிடம் பார்த்தார். எல்லை இறங்குவது திரும்பத் திரும்பத் தெரிந்தது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம், எல்லைதான் இறங்கியது, கட்டுப்பாடு கெடவில்லை. மிதவை புது இடத்தில் இருந்துகொண்டு முன்பு போலவே ஒழுங்காக வேலை செய்கிறது. மென்பொருள்காரன் பாஷையில் சொன்னால், கான்ஃபிகரேஷனில் ஒரு எண் மாறியிருக்கிறது, நிரலில் பிழை எதுவும் இல்லை. மாறிய எண்ணைப் பிழை என்று பதிவு செய்து, சரியாக ஓடுகிற ஒன்றைத் திருத்தக் கிளம்புவது எங்கள் தொழிலில் தினசரி நடக்கும் விபத்து. இந்த விஷயத்திலும் அதுதான் நடக்கிறது.

புரோஜெஸ்டிரான் எதிர்ப்பக்கம் இழுக்கிறது

"பெண் ஹார்மோன் தண்ணீரைக் கட்டி வைக்கும்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்பவர்கள் வசதியாக விட்டுவிடுவது புரோஜெஸ்டிரானை. மாதத்தின் பின்பாதியில் இதுதான் மிக அதிகமாக இருக்கும். இது என்ன செய்கிறது?

1950களில் சிகாகோவில் ரிச்சர்ட் லாண்டாவும் அவர் குழுவினரும் புரோஜெஸ்டிரான் கொடுத்துப் பார்த்தபோது, உடம்பு சோடியத்தைச் சிறுநீரில் கூடுதலாக வெளியேற்றியது. காரணம் தேடினார்கள். அட்ரினல் சுரப்பி செய்யும் ஆல்டோஸ்டிரான் என்ற ஹார்மோன்தான் உப்பைப் பிடித்து வைக்கச் சொல்வது. புரோஜெஸ்டிரான் அதே பூட்டில் போய் உட்கார்ந்துகொண்டு, ஆல்டோஸ்டிரானின் சாவியை நுழைய விடாமல் செய்கிறது. அட்ரினல் வேலை செய்யாத நோயாளிகளிடம் ஆல்டோஸ்டிரான் வெளியிலிருந்து கொடுக்காதவரை புரோஜெஸ்டிரானால் இந்த விளைவு வரவில்லை. 1958இல் வெளிவந்த இந்தக் கண்டுபிடிப்பு அழகான தர்க்கம். தடுப்பதற்கு ஒன்று இருந்தால்தானே தடுக்க முடியும்? இதய நோயாளிகளுக்கு இன்று கொடுக்கும் ஸ்பைரனோலாக்டோன் மாத்திரையும் இதே பூட்டை அடைத்துத்தான் வேலை செய்கிறது.

உப்பு போகிறது என்றதும் உடம்பு சும்மா இருக்காது. ரெனின், ஆல்டோஸ்டிரான் இரண்டையும் ஏற்றி ஈடுகட்டுகிறது. ஆக, ஒரு பக்கம் ஈஸ்ட்ரோஜன் தண்ணீரைப் பிடிக்கச் சொல்கிறது, இன்னொரு பக்கம் புரோஜெஸ்டிரான் உப்பை விடச் சொல்கிறது, மூன்றாவதாக ஆல்டோஸ்டிரான் வந்து சமன் செய்கிறது. மூன்றையும் கூட்டிக் கழித்தால் மொத்த நீரின் அளவில் நிகர மாற்றம் சின்னது என்பதுதான் இந்த ஆய்வுகளின் பொதுவான முடிவு.

எவ்வளவு என்று கேட்போம்

"மாற்றம் உண்டா" என்று மட்டும் கேட்டால் போதாது. "எவ்வளவு" என்று கேட்க வேண்டும். ஒரு கரட்டுக் கணக்கு போடலாம். ஐ.சி.எம்.ஆர். 2020இல் உணவுத் தேவைகளைக் கணக்கிட எடுத்துக்கொண்ட அளவுகோல் பெண்ணின் எடை 55 கிலோ. பெண்கள் உடம்பில் பாதி தண்ணீர் என்று வைத்தால் ஏறக்குறைய 27 லிட்டர். 285இல் 5 இறங்குவது 1.75 சதவீதம். அந்த இறக்கம் முழுக்க முழுக்கத் தண்ணீர் சேர்ந்ததால் மட்டுமே வந்தது என்று எடுத்தால்கூட, அரை லிட்டருக்கு மேல் வராது. உப்பும் கொஞ்சம் வெளியே போகிறது என்பதால் நிஜத்தில் அதைவிடக் குறைவு.

இப்போது வெயிலுக்கு வாருங்கள். சித்திரை, வைகாசியில் எங்கள் அரும்பாவூர்ப் பக்கம், பச்சைமலை அடிவாரத்துக் காடுகளில் ஒரு நாள் வேலையை நினைத்துக்கொள்ளுங்கள். கடும் வெயிலில் உழைக்கும்போது மணிக்கு அரை லிட்டர் வியர்வை போவது சாதாரணம். மாசம் முழுக்கப் பேசப்படும் ஹார்மோன் விளைவு, அதிகபட்சமாக எடுத்தாலும், ஒரு மணி நேர வியர்வைக்குச் சமம். அந்தப் பெண் ஆறு, ஏழு மணி நேரம் வெயிலில் நிற்கிறாள். எதைப் பேச வேண்டும், எதைப் பேசிக்கொண்டிருக்கிறோம்?

ஊதின உணர்வு பொய்யா?

பொய் இல்லை. அதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் இந்தக் கட்டுரையும் "எல்லாம் உன் மனசுல" என்று சொல்லும் கூட்டத்தில் சேர்ந்துவிடும்.

கனடாவின் வான்கூவரில் ஜெரிலின் ப்ரையரின் குழு 62 பெண்களை ஒரு வருஷம் நாட்குறிப்பு எழுத வைத்தது. மொத்தம் 765 மாதச் சுழற்சிகள். தினமும் "உடம்பில் நீர் கோத்த உணர்வு எவ்வளவு" என்று ஒரு மதிப்பெண். 2011இல் முடிவு வெளியானது. உணர்வு உச்சத்தைத் தொட்டது மாதவிலக்குக்கு முந்தைய வாரத்தில் இல்லை, உதிரப்போக்கு தொடங்கும் முதல் நாளில். அந்த நாளில் இரண்டு ஹார்மோன்களும் தரையில் கிடக்கும். கருமுட்டை வெளிவந்த மாதத்துக்கும் வராத மாதத்துக்கும் வித்தியாசம் இல்லை. ரத்தத்தில் அளந்த ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரான் அளவுகளுக்கும் மதிப்பெண்ணுக்கும் தொடர்பு கிடைக்கவில்லை.

இந்த ஆய்வுக்கும் குறை உண்டு. இது உணர்வின் அளவு, தண்ணீரின் அளவு இல்லை. ஆனாலும் "ஹார்மோன் ஏறும், தண்ணீர் ஏறும், உடம்பு ஊதும்" என்ற நேர்கோட்டுக் கதை அவ்வளவு நேராக இல்லை என்பதை இது காட்டிவிடுகிறது. ஹார்மோன்கள் ரத்தக்குழாய்க்கும் அதைச் சுற்றிய திசுவுக்கும் இடையே நீர் பங்கிடப்படுவதையும் மாற்றக்கூடியவை. மொத்தம் அதே, இருக்கும் இடம் வேறு. அப்படி இருக்கும்போது தண்ணீர் குடிப்பதைக் குறைத்தால் என்ன ஆகும்? மிதவை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். வீக்கம் வடியாது, சிறுநீர் மட்டும் மஞ்சளாகும்.

ஆராய்ச்சிக்காரர்கள் பழி போட்ட விதம்

பழி போடுவதில் பாட்டிமார்களை மட்டும் குற்றம் சொன்னால் நியாயமில்லை. ஆராய்ச்சி உலகம் இதே பழியை வேறு மொழியில் போட்டது: "பெண்ணின் ஹார்மோன் மாறிக்கொண்டே இருக்கும், அளவீட்டில் இரைச்சல் வரும், அதனால் ஆண்களை வைத்துச் செய்துகொள்வோம்." 1977இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களை மருந்துச் சோதனையின் ஆரம்பக் கட்டங்களில் சேர்க்க வேண்டாம் என்றே வழிகாட்டுதல் வெளியிட்டது. அது மாறியது 1993இல்.

இதில் உள்ள முரண்பாட்டைப் பாருங்கள். மாற்றம் பெரிது என்றால் அதைக் கட்டாயம் ஆராய வேண்டும். மாற்றம் சின்னது என்றால் பெண்களைச் சேர்ப்பதில் தடை இல்லை. "மாற்றம் பெரிது, ஆகவே ஆராய வேண்டாம்" என்பது எந்தத் தர்க்கம்? மென்பொருளில் இப்படிச் செய்தால், பயனர்களில் பாதிப்பேரின் கருவியில் சோதிக்காமலே வெளியிட்டது போல. சோதனையில் எல்லாம் பச்சையாகத்தான் இருக்கும்.

விளைவு இன்றும் இருக்கிறது. வெப்பத்தில் எவ்வளவு நேரம் வேலை செய்யலாம் என்று சொல்லும் சர்வதேச அட்டவணைகளில் வேலையின் பாரத்தைக் கணக்கிட எடுத்துக்கொண்ட அளவுகோல் மனிதர் 70 கிலோ எடை, 1.8 சதுர மீட்டர் தோல் பரப்பு. உடல் எடையில் 2 சதவீதம் நீரிழப்பு என்பது அவருக்கு 1.4 லிட்டர். 55 கிலோ பெண்ணுக்கு 1.1 லிட்டர். 45 கிலோ பெண்ணுக்கு 900 மி.லி. இந்த வித்தியாசத்தில் ஹார்மோனுக்குப் பங்கே இல்லை, எடைதான் எல்லாம். ஆனால் அந்த 45 கிலோ பெண் களையெடுக்கும்போது மயங்கினால் யாரும் எடையைப் பேசமாட்டார்கள்.

ஹார்மோன் உயிர்க்கணக்காகும் இடம்

நியாயமான விமர்சனம் என்றால் எதிர்ச்சாட்சியையும் வைக்க வேண்டும். ஹார்மோனை அலட்சியம் செய்தால் உயிரே போகக்கூடிய ஒரு இடம் இருக்கிறது. அது தண்ணீர் குறைவதில் இல்லை, கூடுவதில்.

1992இல் அயூஸ், வீலர், ஆரிஃப் ஆகியோர் அமெரிக்காவில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு ரத்தத்தில் சோடியம் இறங்கி, அதனால் மூளை வீங்கிப் பாதிக்கப்பட்ட 65 பேரை ஆராய்ந்தார்கள். சோடியம் இறங்குவதில் ஆண், பெண் வித்தியாசம் இல்லை. ஆனால் இறங்கிய பிறகு இறந்தவர்கள், நிரந்தர மூளைச் சேதம் அடைந்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும் பெண்கள். அதிலும் மாதவிலக்கு வரும் வயதுப் பெண்களுக்கு ஆபத்து, ஆண்களையும் மாதவிலக்கு நின்றவர்களையும் ஒப்பிட்டால், ஏறக்குறைய 25 மடங்கு. வீங்கும் மூளைச் செல் உள்ளே இருக்கும் சோடியத்தை வெளியே தள்ளித் தப்பிக்கப் பார்க்கும். அந்தப் பம்பை ஈஸ்ட்ரோஜன் மந்தப்படுத்துகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். பாதிப்பு ஏற்பட்டவர்களிலிருந்து தொடங்கிய ஆய்வு என்பதால் 25 என்ற எண்ணை அப்படியே எடுக்க வேண்டியதில்லை. ஆனால் திசை தெளிவு. "கொஞ்சம் அசதியா இருக்கு, ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏத்திவிடுங்க" என்று கேட்கும் பழக்கம் உள்ள ஊர் நம்முடையது. உப்பில்லாத நீரை நரம்பில் ஏற்றுவது விளையாட்டு விஷயம் இல்லை என்பதற்கு இந்த ஒரு கட்டுரை போதும்.

அதே சோடியம் விஷயத்தில் இன்னொரு ஆய்வு. 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடிய 488 பேரின் ரத்தத்தைச் சோதித்து 2005இல் வெளியிட்டார்கள். 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைவு. பெண்களில் 22 சதவீதம், ஆண்களில் 8 சதவீதம். இந்த இரண்டு எண்களை மட்டும் படித்தால் என்ன தோன்றும்? ஹார்மோன்! ஆனால் உடல் பருமன், ஓடி முடிக்க எடுத்த நேரம், ஓடும்போது ஏறிய எடை எல்லாவற்றையும் சேர்த்துப் புள்ளியியல் கணக்கு போட்டபோது "பெண்" என்ற காரணி தனியாக நிற்கவில்லை. நின்றவை, அளவுக்கு மேல் குடித்ததால் ஏறிய எடையும், நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடியதும், உடல் பருமன் மிகக் குறைவாகவோ மிக அதிகமாகவோ இருந்ததும்.

இரண்டு ஆய்வும் சேர்ந்து சொல்வது இதுதான்: ஹார்மோன் எங்கே காரணம், எங்கே காரணம் மாதிரி தெரிகிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பிரிக்க முடியும். பிரிக்காமல் பேசுவதுதான் தப்பு.

தமிழ்நாட்டுச் சாட்சி

இனி நம் ஊர். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தில் வித்யா வேணுகோபால் தலைமையிலான குழு வெப்பமும் தொழிலாளர் உடல்நலமும் பற்றி நெடுநாளாக ஆய்வு செய்கிறது. 2016இல் தமிழ்நாட்டில் பல தொழில்களைச் சேர்ந்த 312 பெண்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதன் தலைப்பிலேயே வெப்பமும் கழிப்பறை வசதியின்மையும் ஒன்றாக வருகின்றன. இந்தத் துறையில் நான் படித்ததில் மிக முக்கியமான கட்டுரை என்று இதைத்தான் சொல்வேன். ஏனென்றால் இது பெண்ணின் நீர்ச் சமநிலையை உடம்புக்குள்ளே மட்டும் தேடாமல், வேலையிடத்தில் தேடியது. ஒதுங்க இடம் இல்லை, அதனால் குடிப்பதில்லை, அதனால் வெப்பப் பாதிப்பும் சிறுநீர்த் தொல்லையும் சேர்ந்து வருகின்றன என்ற சங்கிலி அதில் இருக்கிறது.

எங்கள் மாவட்டத்தில் இதை விளக்கவே வேண்டாம். சின்ன வெங்காயம், பருத்தி, மக்காச்சோளம் என்று எந்தக் காட்டு வேலைக்குப் போகும் பெண்ணிடமும் கேட்டுப் பாருங்கள். "தண்ணி குடிச்சா ஒதுங்கப் போகணும், எங்க போறது?" என்பார்கள். மக்காச்சோளம் ஆளுயரம் வளர்ந்திருந்தால் ஒரு மறைவு. வெங்காயக் காட்டில் அதுவும் கிடையாது, கணுக்கால் உயரப் பயிர். மாதவிலக்கு நாட்களில் இன்னும் கஷ்டம். மிதவை வால்வு சொல்வதைக் கேட்காமல், தாகத்தை அடக்கிக்கொண்டு வேலை செய்கிறார்கள். ஈஸ்ட்ரோஜன் தாகத்தைச் சீக்கிரமே எடுக்க வைத்தாலும், எடுத்த தாகத்துக்குக் குடிக்க முடியாத இடத்தில் அதனால் என்ன பயன்?

இதற்கு விலை உண்டு. 2018இல் வெளியான ஒரு சோதனையில், அடிக்கடி நீர்க்கடுப்பு வரும், குறைவாகத் தண்ணீர் குடிக்கும் 140 பெண்களில் பாதிப்பேரைத் தினமும் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடிக்கச் சொன்னார்கள். ஒரு வருஷத்தில் அவர்களுக்குத் தொற்று சராசரியாக 1.7 தடவை, மற்றவர்களுக்கு 3.2 தடவை. மருந்தில்லாமல், தண்ணீரால் மட்டும் பாதி.

அடுத்தது இன்னும் கனமானது. அதே ஸ்ரீ ராமச்சந்திரா குழு 2017 முதல் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிப் பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2024இல் முடிவை வெளியிட்டது. அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் விவசாயம், செங்கல் சூளை, உப்பளம் போன்ற வெப்பமான வேலைகளில் இருந்தவர்கள். அந்தப் பெண்களில் கருச்சிதைவு 5 சதவீதம், வெப்பம் குறைந்த இடத்தில் வேலை செய்தவர்களில் 2 சதவீதம். இது கவனிப்பு ஆய்வு. சூளையில் நிற்பவருக்கும் நிழலில் உட்கார்ந்து வேலை செய்பவருக்கும் வருமானம், உணவு, வேலைப் பாரம் எல்லாமே வேறு. எவ்வளவுதான் கணக்கில் சரிக்கட்டினாலும் வெப்பத்தை மட்டும் தனியே உரித்தெடுக்க முடியாது. ஆனால் தொழிலாளியின் பக்கம் நின்று பார்த்தால் அந்தப் பிரிப்பு அவளுக்குத் தேவையும் இல்லை. அவளுக்கு எல்லாம் சேர்ந்துதான் வருகிறது.

கர்ப்பமும் பிரசவமும்: வழக்கத்தின் மீது ஒரு கேள்வி

கர்ப்பத்தில்தான் மிதவை நிஜமாகவே பெரிதாக நகர்கிறது. ஆஸ்மோலாலிட்டி ஏறக்குறைய 10 மில்லி ஆஸ்மோல் இறங்கும். ரத்தத்தின் நீர்ப்பகுதி 40 முதல் 50 சதவீதம் கூடும். உடம்பின் மொத்த நீர் 6 முதல் 8 லிட்டர் ஏறும். ஈஸ்ட்ரோஜன் மட்டுமில்லை, கர்ப்பத்துக்கே உரிய எச்.சி.ஜி., ரிலாக்ஸின் ஆகியவையும் இதில் சேர்ந்தவை. இந்த நீர் நஞ்சுக்கொடிக்கு ரத்தம் பாயவும், பிரசவத்தில் போகும் ரத்தத்தைத் தாங்கவும் உடம்பு முன்கூட்டியே சேர்த்து வைக்கும் சேமிப்பு. சாயந்திரம் கணுக்கால் கொஞ்சம் வீங்குவது அந்தச் சேமிப்பின் ஓரத்துக் கசிவு மாதிரி. அதற்காக "தண்ணியக் குறைச்சுக்கோ" என்பது, சேமிப்புக் கணக்கில் இருந்து பணம் எடுக்கச் சொல்வது.

ஆனால் ஒன்று. முகம், கை திடீரென்று வீங்கினாலோ, கூடவே தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி வந்தாலோ அது ரத்த அழுத்தம் சம்பந்தப்பட்ட ஆபத்தாக இருக்கலாம். அப்போது பார்லிக் கஞ்சி வைத்துக் காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். "நீர் கோத்திருக்கு" என்ற ஒரே சொல் சாதாரண வீக்கத்தையும் இந்த ஆபத்தையும் ஒரே பையில் போட்டுவிடுகிறது என்பதுதான் அந்தச் சொல்லின் மீது என் புகார்.

பிரசவத்துக்குப் பிறகு இன்னொரு வழக்கம். பிள்ளை பெத்தவளுக்குத் தண்ணீர் அளந்துதான் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் வயிறு பெருத்துவிடும் என்பார்கள். உடலியல் என்ன சொல்கிறது? நஞ்சு வெளியே வந்ததும் இரண்டு ஹார்மோன்களும் சரிந்து விழுகின்றன. சேர்த்து வைத்த நீரை உடம்பு முதல் வாரத்திலேயே சிறுநீராகவும் வியர்வையாகவும் தானாக வெளியேற்றுகிறது. வயிறு பெரிதாகத் தெரிவது கர்ப்பப்பை சுருங்க நாளாவதாலும் வயிற்றுத் தசை தளர்ந்திருப்பதாலும், குடித்த தண்ணீரால் இல்லை. இன்னொரு பக்கம், பால் நன்றாகச் சுரக்கத் தொடங்கியதும் ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் போகும். அதில் 87 சதவீதம் தண்ணீர். வெளியே போகும் வழி இரண்டு திறந்திருக்கும்போது உள்ளே வரும் வழியை அடைக்கிறோம். நம் வழக்கங்களில் பல காரணத்தோடு வந்தவை. இந்த ஒன்றுக்குக் காரணம் தேடிப் பார்த்தேன், கர்ப்பக்காலத்து வீக்கத்தைப் பார்த்த பயம்தான் மிச்சமாக நிற்கிறது.

அறிவுரையின் குறை

வெயில் காலம் வந்தால் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் முதல் மாவட்ட நிர்வாகம் வரை ஒரே வரி: தாகம் இல்லாவிட்டாலும் தண்ணீர் குடியுங்கள். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே அறிவித்தது. நல்ல முடிவு. ஆனால் அந்த வரியை வெங்காயக் காட்டில் நிற்கும் பெண் கேட்டால் என்ன நினைப்பாள்? அவளுக்குத் தாகம் இல்லாமல் இல்லை. தண்ணீர் தெரியாமலும் இல்லை. அறிவுரை அவளுடைய வாயைப் பார்த்துப் பேசுகிறது, பிரச்சினை ஒதுங்குமிடத்தில் இருக்கிறது.

சட்டங்களிலும் இதே ஓட்டை. 1948 தொழிற்சாலைச் சட்டம் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை வேண்டும் என்றது. 1996 கட்டுமானத் தொழிலாளர் சட்டமும் கழிப்பறை கேட்டது. நூறு நாள் வேலைக்கான 2005 சட்டம் வேலையிடத்தில் என்னென்ன வேண்டும் என்று பட்டியல் போட்டபோது குடிநீர், குழந்தைகளுக்கு நிழல், ஓய்வு நேரம், முதலுதவிப் பெட்டி என்று எழுதியது. கழிப்பறை அதில் இல்லை. தண்ணீர் உள்ளே போவதைச் சட்டம் யோசித்தது, வெளியே போவதை யோசிக்கவில்லை. தனியார் காட்டுக் கூலி வேலைக்கோ அந்தப் பட்டியல்கூடக் கிடையாது.

நான் கேட்பது பெரிய விஷயங்கள் இல்லை. வேலை நடக்கும் இடத்தில் நாலு கம்பும் தார்ப்பாயும் வைத்து ஒரு மறைப்பு. பக்கத்தில் ஒரு குடம் தண்ணீர். பதினோரு மணிக்கு ஒரு தடவை, மூணு மணிக்கு ஒரு தடவை எல்லோரும் கரையேறி உட்கார்ந்து தண்ணீரோ, உப்புப் போட்ட மோரோ, நீராகாரமோ குடிக்கும் ஒரு ஏற்பாடு. கர்ப்பிணி என்றால் உச்சிவெயிலில் காட்டு வேலை வேண்டாம், கூலி பிடிக்கவும் வேண்டாம். எவ்வளவு குடிப்பது என்று லிட்டர் கணக்குச் சொல்லித் தர வேண்டாம். தாகமும் சிறுநீரின் நிறமும் அதைச் சொல்லும். அந்த மிதவை நன்றாகவே வேலை செய்கிறது, ஈஸ்ட்ரோஜன் ஏறினாலும் இறங்கினாலும்.

இனி யாராவது "ஹார்மோன் பண்ற வேலை" என்றால், இரண்டு கேள்வி கேளுங்கள். எவ்வளவு? அவள் இன்றைக்குக் காலையிலிருந்து எத்தனை தடவை தண்ணீர் குடித்தாள்? இரண்டாவதுக்குப் பதில் தெரியாமல் முதலாவதைப் பேசுவதில் அர்த்தமில்லை.